பூம்பாறைக்கு அப்பால் என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வரை போய்விட்டுத் திரும்பிவிட்டோம். அதற்கு அப்புறம் மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று பலகையில் பெயர்கள் பார்த்தோம். இந்த ஊர்கள் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன? வரைபடத்தில் வட்டவடை பக்கத்திலேயே தெரிகிறதே, அங்கிருந்து மூணாறுக்கு ஏன் போக முடிவதில்லை?"

சில வருடங்கள் அந்த ஊர்களுக்கு வேலை நிமித்தமாக அலைந்தவன் என்பதால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். கிலோமீட்டர் கணக்கு மட்டும் வேண்டுமென்றால் இரண்டு வரி போதும்: கொடைக்கானலிலிருந்து பூம்பாறை சுமார் 20 கி.மீ., மன்னவனூர் சுமார் 35, கூக்கால் சுமார் 40, மன்னவனூரைத் தாண்டிப் பத்து கிலோமீட்டர் போல போனால் கிளாவரை. ஆனால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அந்த மலையைப் புரிந்துகொள்ள முடியாது. எல்லா ஊரும் கொடைக்கானலின் வால் மாதிரி தெரியும். உண்மையில் கொடைக்கானல் நகரம் உருவாவதற்கு முன்பே இருந்த ஊர்கள் இவை. அவற்றின் முகம் வேறு பக்கம் பார்த்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, சாலையைக் கொஞ்சம் மறந்துவிட்டு மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதுதான்.

பழனி மலைத்தொடர் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்ட ஒரு கிளை. கிழக்கு மேற்காக 65 கி.மீ., வடக்கு தெற்காக அகலமான இடத்தில் 40 கி.மீ. இருக்கும். பரப்பு 2,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேற்கு முனையில் ஆனைமலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கீழ்ப்பழனி, மேல்பழனி என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் எல்லாம் கீழ்ப்பழனி. காபி, மிளகு, மலைவாழை விளையும் நிலம். விருப்பாச்சி வாழை அந்தப் பக்கத்துச் சொத்து. பெருமாள்மலையைத் தாண்டினால் நிலம் சட்டென்று உயர்ந்து 2,000 மீட்டரைத் தொடும். அது மேல்பழனி. நாம் பேசப்போகும் ஊர்கள் அனைத்தும் இந்த மேல்தட்டில், அதன் வடக்கு, மேற்குப் பகுதிகளில் இருக்கின்றன.

மேல்பழனியை ஒரு மேசை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சாய்ந்த மேசை. தெற்கு விளிம்பு உயர்ந்து, சுவர்போல் உடைந்து நிற்கிறது. வடக்கே போகப்போகச் சரிந்து, பள்ளத்தாக்குகளாகப் பிளந்து, பழனி, உடுமலைப் பக்கத்துச் சமவெளிக்கு இறங்குகிறது. சுற்றுலா வருபவர்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்தத் தெற்கு விளிம்பைத்தான். கோக்கர்ஸ் வாக், தூண் பாறைகள், வட்டக்கானல், டால்பின் நோஸ் எல்லாமே அந்த விளிம்பில் வரிசையாக இருப்பவை. கோக்கர்ஸ் வாக்கில் நின்று வானம் தெளிவாக இருக்கும் நாளில் பார்த்தால் வைகை அணை தெரியும். அந்த விளிம்பிலிருந்து தெற்கே விழும் நீர் வைகைக்குச் சேர்ந்தது. பாம்பாறு கும்பக்கரையில் அருவியாக விழுந்து வராகநதி வழியாக வைகைக்குப் போகிறது. மலைப்பாதையில் ஏறும்போது டம்டம் பாறையிலிருந்து தெரிகிற, எலிவால் அருவி என்று சொல்லும் தலையாறு அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மஞ்சளாற்றுக்குப் போய், அதுவும் வைகையில் சேர்கிறது.

மேசையின் சாய்ந்த பக்கத்து நீரெல்லாம் காவிரிக்குப் போகிறது. பழனிக்குப் பக்கத்தில் பாலாறு பொருந்தலாறு அணை, வரதமாநதி அணை, குதிரையாறு அணை என்று வரிசையாக இருக்கின்றன அல்லவா, அவை மூன்றும் இந்த மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் நீரைப் பிடித்து வைப்பவைதான். மேற்குப் பகுதியின் ஓடைகள் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்குக்குள் விழுந்து, தேனாறாகி, அமராவதி அணைக்குப் போகின்றன. எல்லாம் கடைசியில் அமராவதி ஆற்றோடு கரூர் பக்கம் திருமுக்கூடலூரில் காவிரியைத் தொடுகின்றன. ஆக, கொடைக்கானல் மேட்டில் ஒரே மழை பெய்தாலும், ஒரு பாதி ராமநாதபுரத்துக் கண்மாய்களை நோக்கிப் போகிறது, மறுபாதி காவிரிக்குப் போகிறது. பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் காவிரிப் பக்கத்து ஊர்கள். இதைச் சொன்னால் கொடைக்கானலுக்குப் பலமுறை வந்துபோகிற மதுரைக்காரர்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

இப்போது சாலையில் ஏறுவோம். கொடை ஏரியிலிருந்து மேற்கே ஏறினால் 2,343 மீட்டர் உயரத்தில் சூரிய ஆய்வுக்கூடம் வரும். சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை 1909-ல் எவர்ஷெட் கண்டுபிடித்தது இந்த இடத்தில்தான். அந்த மேட்டைத் தாண்டியதும் சாலை இறங்க ஆரம்பிக்கிறது, காற்றின் போக்கே மாறிவிடும். பைன் மரங்களும் தைல மரங்களும் வரும். கொஞ்ச தூரத்தில் இடதுபுறமோ வலதுபுறமோ ஒரு வளைவில் மரங்கள் விலகி, கீழே ஒரு ஊர் மொத்தமாகக் கண்ணில் படும். அதுதான் பூம்பாறை.

பூம்பாறை சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது கொடைக்கானலைவிட இருநூறு மீட்டருக்கு மேல் தாழ்வு. இந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம், விவசாயிக்கு இது பெரிய விஷயம். மேட்டில் அடிக்கிற காற்றும் குளிரும் இங்கே கொஞ்சம் மட்டுப்படும். ஊர் ஒரு மேட்டு நிலத்தில் நெருக்கமாக, ஒரு வீட்டுச் சுவரோடு இன்னொரு வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது. சுற்றிலும் நாலாபக்கமும் படிப்படியாக வயல்கள். மலையூர் என்றால் வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் என்று நினைப்போம். இங்கே அப்படியில்லை. காரணம் எளிது. வெட்டிச் சமன்படுத்திய நிலம் அவ்வளவு அருமையானது, அதில் வீடு கட்டி வீணாக்க மாட்டார்கள். விளையாத இடத்தில் எல்லோரும் நெருங்கி வசித்துக்கொண்டு, விளையும் இடத்தை முழுவதும் பயிருக்கு விட்டுவிடுகிறார்கள். குளிருக்கும் அது நல்லது, காட்டு விலங்குக்கும் பாதுகாப்பு.

ஊரின் நடுவே குழந்தை வேலப்பர் கோயில். பழனி தேவஸ்தானத்தைச் சேர்ந்த உபகோயில் இது. பழனி மூலவரைப் போலவே இங்கிருக்கும் சிலையும் போகர் செய்தது என்பது ஐதீகம். திருப்புகழில் பூம்பறை என்று வரும் தலம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அருணகிரிநாதர் இரவு தங்கியபோது முருகன் குழந்தை வடிவில் வந்து காத்ததால் இந்தப் பெயர் என்று ஒரு கதையும் உண்டு. இங்கே தேரோட்டம் பார்க்க வேண்டிய ஒன்று. தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். தெரு சரிவாக இருப்பதால் முன்னால் ஒரு கூட்டம் இழுக்க, பின்னால் ஒரு கூட்டம் பிடித்து நிறுத்திக்கொண்டே வரும். நிலத்தின் அமைப்பு ஒரு திருவிழாவின் வழக்கத்தையே எப்படி மாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஏன் இந்த ஊருக்குப் பழனியோடு இவ்வளவு உறவு? தண்ணீர் போகும் பக்கம் அதுதான். பழனியும் பூம்பாறையும் ஒரே சரிவின் அடியும் முடியும். ஊர்க்காரர்களின் கால்நடைப் பாதைகளும் அந்தச் சரிவில்தான் இறங்கின. இன்று பழனிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் கொடைக்கானலுக்கு ஏறி, பெருமாள்மலை வந்து, அங்கிருந்து 50 கி.மீ. போல வளைந்து இறங்க வேண்டும். நேர்க்கோட்டில் பார்த்தால் பாதி தூரம்கூட இல்லை. கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால் பழனி மலை தெரியும் என்பது நிறையப் பேருக்குத் தெரியும். வடக்கு விளிம்பில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அது தினமும் பார்க்கிற காட்சி.

வயதான ஆட்களிடம் பேசிப் பாருங்கள். திசையை வடக்கு, தெற்கு என்று சொல்ல மாட்டார்கள். மேலே, கீழே, அந்தப் பக்கம் என்பதே பேச்சு. "இறங்கிட்டு வந்தேன்" என்றால் சமவெளிக்குப் போய் வந்ததாக அர்த்தம். மட்டக்குதிரையிலும் பொதிமாட்டிலும் பூண்டையும் உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு இறங்கி, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறிய காலம் அவர்கள் நினைவில் இருக்கிறது.

பூண்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர்களைப் பற்றிச் சொல்ல முடியாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரில் கொடைக்கானல் இருந்தாலும் பூண்டு விளைவது நகரத்தில் இல்லை, நாம் பேசிக்கொண்டிருக்கும் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கூக்கால் போன்ற ஊர்களில்தான். குளிரும், நீர் வடியும் மண்ணும் சேர்ந்து பல்லுக்கு ஒரு காரத்தைக் கொடுக்கின்றன. அறுவடை செய்த பூண்டைத் தாளோடு கட்டி, வீட்டுக்குள் அடுப்புப் புகை படும்படி பரணில் தொங்கவிடுவார்கள். புகை பிடித்த பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும், விதைக்கும் உதவும். அந்தப் பக்கத்துப் பழைய வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது அந்தப் புகையும் பூண்டும் கலந்த வாசனைதான். கிளாவரை பஸ்ஸில் ஒருமுறை போய்விட்டு வந்தால் சட்டையில் இரண்டு நாளைக்கு இருக்கும்.

ஆனால் பூண்டு போகும் சந்தை எது தெரியுமா? பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள வடுகபட்டி. தண்ணீர் காவிரிக்குப் போகிற ஊரின் பூண்டு வைகைப் பக்கத்துச் சந்தைக்குப் போகிறது. மலைச்சாலை வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கியதால் வியாபாரமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இந்த ஊர்களின் முகம் முன்பு வேறு பக்கம் பார்த்திருந்தது என்று சொன்னேனே, அதைச் சாலை திருப்பிவிட்டது. 1821-ல் ஆங்கிலேய நில அளவையாளர் வார்டு இந்த மலைக்கு ஏறியபோது கொடைக்கானல் என்ற நகரம் கிடையாது. மலைக்கிராமங்கள் மட்டும் இருந்தன. அமெரிக்க மிஷனரிகள் கோடைக்குத் தங்க முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது 1845-ல். ஏரியை ஆங்கிலேய அதிகாரி வெர் லெவிஞ்ச் கட்டியது 1863-ல். வத்தலக்குண்டிலிருந்து வண்டிச்சாலை வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் வெள்ளைக்காரர்கள் பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தும், குதிரையிலும், டோலியிலும் ஏறினார்கள்.

அந்தத் தெற்குச் சரிவில் ஒரு ஊர் மட்டும் இருக்கிறது, வெள்ளகவி. வட்டக்கானலுக்குக் கீழே, கும்பக்கரைக்கு மேலே. வார்டு அந்த வழியாகத்தான் ஏறினார். ஊருக்குள் செருப்பு போடும் வழக்கம் இல்லை, எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். நகரம் வளர்ந்து தலைக்கு மேலே நின்றபோதும் அந்த ஊருக்கு நெடுங்காலம் நடைபாதை மட்டும்தான். சரிவு அவ்வளவு செங்குத்து. வடக்குப் பக்கம் ஊர்கள் நிறைய, தெற்குப் பக்கம் அங்கொன்று இங்கொன்று என்பதற்கு மேசையின் சாய்வுதான் காரணம்.

சரி, பூம்பாறையைத் தாண்டுவோம். அதற்கப்புறம் சாலை பிரிகிறது. ஒரு கிளை குண்டுபட்டி, பழம்புத்தூர், கூக்கால் பக்கம் போகிறது. இன்னொன்று மன்னவனூர் பக்கம்.

குண்டுபட்டி மற்ற ஊர்களைப் போலப் பழைய ஊர் இல்லை. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் வந்து தங்கிய இடம். காட்டில் பைன் மரமும், தோல் பதனிடும் பட்டைக்கான வாட்டில் மரமும் நடவும் வெட்டவும் ஆள் வேண்டியிருந்தது, அந்த வேலைக்கு அவர்கள் வந்தார்கள். ஒரு மலையிலிருந்து பிடுங்கப்பட்டு இன்னொரு மலைக்கு வந்து, அங்கேயும் சொந்த நிலம் இல்லாமல் கூலிக்கு மரம் நட்ட மக்கள். அந்தச் சாலையில் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊரின் பெயரைக்கூடக் கவனிப்பதில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கும்.

கூக்கால் வடக்கு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஏரி, அதை ஒட்டிச் சோலைக்காடு, அப்புறம் கூக்கால் குகை என்று சொல்லும் பாறை ஒதுக்கு. குகையில் பளியர்கள் வசித்திருக்கிறார்கள். இந்த மலையின் ஆதிக்குடிகள் அவர்களும் புலையர்களும்தான். விவசாயக் குடிகளான குன்னுவர் கொங்குச் சமவெளியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் ஏறி வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர்களின் ஊர்த்தலைவருக்கு மன்னாடி என்று பட்டம். கொங்குப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வடக்குச் சரிவில் ஏறி வடக்குப் பக்கத்திலேயே ஊர் அமைத்தார்கள் என்பது நில அமைப்போடு பார்த்தால் இயல்பாகப் பொருந்துகிறது. கூக்காலின் விளிம்பில் நின்றால் கீழே குதிரையாறு பள்ளத்தாக்கும், அதற்கு அப்பால் பழனி, உடுமலைச் சமவெளியும் விரிந்து கிடக்கும். மாலையில் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும் நேரம் இன்னும் நன்றாக இருக்கும். அந்த ஏரியில் நிரம்பி வழியும் நீர்தான் கீழே வயலுக்குப் போகிறது என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

மன்னவனூர் முற்றிலும் வேறு மாதிரி. பூம்பாறை மேட்டில் இருக்கிற ஊர் என்றால், மன்னவனூர் ஒரு அகன்ற கிண்ணத்துக்குள் இருப்பது போல. சுற்றிலும் புல்மேடுகள், நடுவில் எழும்பள்ளம் ஏரி. மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965-லிருந்து இங்கே இயங்குகிறது. குளிர்ப் பிரதேசத்துக்கு ஏற்ற கம்பளி ஆடுகளையும் முயல்களையும் வளர்க்கிறார்கள். அதற்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தப் புல்வெளிதான். ஜனவரியில் காலையில் போனால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும். கிண்ணம் மாதிரி இடம் என்பதால் இரவில் குளிர்ந்த கனமான காற்று சரிவுகளில் இறங்கி அடியில் தேங்கிவிடுகிறது. மேட்டில் இல்லாத உறைபனி பள்ளத்தில் இருப்பதன் ரகசியம் இது. விவசாயிகள் இதை நன்றாக அறிவார்கள், உருளையையும் பீன்ஸையும் எந்த வயலில் எப்போது போடுவது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

மன்னவனூரைச் சேர்ந்த சிற்றூர்கள் இரண்டின் பெயரைக் கவனியுங்கள்: கும்பூர், கீழானவயல். இரண்டாவது பெயரிலேயே வயல் இருக்கிறது. இந்த மலைகளில் ஒரு காலத்தில் படிக்கட்டு வயல்களில் நெல் விளைந்தது. இன்று கேரட்டும் பூண்டும் நிற்கிற பல தளங்கள் நெல்லுக்காகச் சமன்படுத்தப்பட்டவை. தண்ணீர் தேங்கி நிற்கும்படி அவ்வளவு துல்லியமாக மட்டம் பார்த்து, ஓடையிலிருந்து வாய்க்கால் இழுத்து, கல் அடுக்கிக் கரை கட்டியிருக்கிறார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் அதைச் செய்தவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

கீழானவயலிலிருந்து நிலம் மேற்கே சரேலென்று இறங்கினால் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு. ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வரும் பகுதி. மஞ்சம்பட்டி, தளிஞ்சி போன்ற பழங்குடி ஊர்கள் அங்கே உண்டு. 2,000 மீட்டரிலிருந்து சில மணி நேர நடையில் ஐநூறு மீட்டருக்குக் கீழே இறங்கிவிடலாம். மேலே சோலையும் புல்லும், அடியில் முள்காடு. உள்ளூர் உறவுகளுக்காகப் போய்வருபவர்களைத் தவிர, மற்றவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது. யானை நடமாட்டம் உள்ள இடம்.

மன்னவனூரைத் தாண்டினால் கவுஞ்சி, பூண்டி, அந்தப் பக்கத்துச் சரிவுகளில் போளூர், கடைசியில் கிளாவரை. இவற்றைப் பற்றித் தனித்தனியாக நீட்ட வேண்டியதில்லை. அமைப்பு ஒன்றுதான்: நெருக்கமான ஊர், சுற்றிப் படிவயல், மேலே காடு, கீழே ஓடை. கிளாவரையில் பஸ் திரும்பிவிடும். தமிழ்நாட்டுச் சாலை அங்கே முடிகிறது.

இப்போது கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். கிளாவரையிலிருந்து மேற்கே ஒரு மலைமுகட்டைத் தாண்டினால் கோவிலூர், வட்டவடை. இடுக்கி மாவட்டம், கேரளம். அதற்கும் அப்பால் காந்தளூர், மறையூர். அஞ்சுநாடு என்று பழைய பெயர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஐந்து ஊர்கள் சேர்ந்தது அஞ்சுநாடு. அங்கிருக்கும் பழைய குடிகளின் வீட்டுமொழி தமிழ். நாயக்கர் காலத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தோம் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. கிளாவரைக்கும் கோவிலூருக்கும் இடையே காலம்காலமாக நடைபாதை உண்டு. பெண் கொடுத்து எடுத்திருக்கிறார்கள், விதைப்பூண்டு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கும் பின்னால் கேரளத்தின் சார்பில் தனியாக ஒரு புவிசார் குறியீடு கிடைத்தது. முகட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் படிவயல், ஒரே மாதிரிப் பரண், ஒரே பேச்சு. குறியீட்டுச் சான்றிதழ் மட்டும் இரண்டு.

இந்த இரண்டு பக்கத்துக்கும் வானிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனைமுடி உள்ளிட்ட உயர்ந்த முகடுகள் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மூணாறு பக்கத்திலேயே இறக்கிவிடுகின்றன. தாண்டி வருவது காற்றும் சாரலும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கிலிருந்து வரும் மழைதான் கணிசமானது. மூணாறில் தேயிலை, வட்டவடையில் காய்கறி என்று பயிர் மாறுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அப்படியானால் சாலை ஏன் இல்லை? இருந்தது, ஆனால் இந்த வழியாக இல்லை. பழைய கொடைக்கானல் மூணாறு சாலை பூம்பாறை, மன்னவனூர் பக்கமே வராது. அது தெற்கு விளிம்பை ஒட்டி, பேரிஜம் ஏரி வழியாக, மேல்பழனியின் உயரமான சிகரமான வந்தரவு (2,533 மீட்டர்) பக்கம் போய், டாப் ஸ்டேஷனில் இறங்கும். 1920களில் மதராஸ் கவர்னராக இருந்த கோஷன் பெயரால் அதைக் கோஷன் சாலை என்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான் தாக்கினால் தப்பிக்க வைத்திருந்த வழி என்று 'எஸ்கேப் ரோடு' என்ற பெயரும் உண்டு. பிற்காலத்தில் பராமரிப்பு நின்று, காட்டுக்குள் மறைந்துவிட்டது. இன்று வனத்துறை அனுமதிச் சீட்டோடு பேரிஜம் வரை போகலாம், அவ்வளவுதான். அந்த ஏரியிலிருந்துதான் பெரியகுளம் நகரத்துக்குக் குடிநீர் போகிறது. மறுபக்கம் கேரளத்தில் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா, 2006-ல் அறிவித்த குறிஞ்சிமலை சரணாலயம். இந்தப் பக்கம் 2013-ல் அறிவித்த கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். ஆக, நடுவில் இருப்பது வெறும் காலி இடம் இல்லை. இரண்டு மாநிலங்களும் சேர்ந்து பாதுகாக்கும் காடு. மூணாறுக்குப் போக வேண்டுமென்றால் பழனி, உடுமலை, மறையூர் வழியாகவோ, வத்தலக்குண்டு, தேனி, போடி வழியாகவோ 150 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும்.

கிளாவரை கோவிலூர் சாலை வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக இருக்கிறது. உள்ளூர் மக்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. பிரசவ வலி எடுத்தவளைக் கொடைக்கானல் வரை இரண்டு மணி நேரம் வளைவுகளில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்குத் தேவை மன்னவனூரிலேயே இரவிலும் மருத்துவர் இருக்கிற ஒரு நல்ல ஆஸ்பத்திரியும், ஆம்புலன்ஸும். மூணாறுக்குக் குறுக்குவழி என்று சுற்றுலா வாகனங்கள் அந்த முகட்டில் ஏற ஆரம்பித்தால், இரண்டு பக்கத்து ஓடைகளும் பிறக்கிற சோலை என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும். என் கருத்து, நடைபாதை நடைபாதையாகவே இருக்கட்டும்.

சோலையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த மலையின் இயற்கை அமைப்பு, மேட்டில் புல், மடிப்புகளில் சோலை. மழை பெய்யும்போது புல்வெளி நீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும், சோலை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடும். கோடையிலும் ஓடை வற்றாததன் காரணம் அதுதான். தோல் பதனிடும் பட்டைக்கென்று வாட்டில் மரமும், விறகுக்கும் காகிதத்துக்கும் என்று தைல மரமும் பைனும் அந்தப் புல்வெளியில் நட்டார்கள். மரம் நடுவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வாட்டில் விதை தானாகப் பரவி, நடாத இடத்தையும் பிடித்துக்கொண்டது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, பழனி மலையின் புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது என்று காட்டியது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இருப்பதும் இந்தப் புல்வெளியை ஒட்டித்தான். 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. முன்பு எந்த மேட்டில் பூத்தது என்று ஊர்ப் பெரியவர்கள் கை காட்டுகிற பல இடங்களில் இப்போது வாட்டில் காடு நிற்கிறது. அதே பெரியவர்கள் அந்த மேட்டுக்குக் கீழே இருந்த ஊற்றும் முன்போல் சுரப்பதில்லை என்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: கொடைக்கானலுக்கு வாகனத்தில் வர 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம், அதை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் மூன்றையும் ஓடிப் பார்க்க வேண்டாம். காலையில் மன்னவனூர் போய் ஏரிக்கரையில் நடந்துவிட்டு, மதியத்துக்கு மேல் பூம்பாறையில் இறங்கி ஊருக்குள் நடங்கள். காட்சி முனையிலிருந்து படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வயல் வரப்பில் ஏறும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள், கல்கட்டு சரிந்தால் திரும்ப அடுக்க ஒரு ஆளுக்கு ஒரு நாள் ஆகும். பூண்டு வாங்குவதென்றால் வீட்டிலேயே கேட்டு வாங்குங்கள், பரணிலிருந்து இறக்கித் தருவார்கள். மழை விட்ட நேரமாக இருந்தால் கோயில் தெருவின் ஓரத்தில் ஓடுகிற வாய்க்கால் தண்ணீரோடு ஊர் எல்லை வரை நடந்து போங்கள். அது வடக்குப் பக்கம் திரும்பி வயலுக்குள் இறங்கும் இடத்திலிருந்து, மேகம் இல்லாத நாளில், கீழே பழனிப் பக்கத்துச் சமவெளி தெரியும்.